பேனா பிடிக்கக் கற்றுத் தந்த ஊர்

– இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்) மாணவன்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நம் முன்னோர் வாக்கு. பள்ளி நாட்களில் எத்தனையோ கட்டுரைகளின் தொடக்கத்தில் இப்பழமொழியை எழுதியிருக்கிறேன். எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன். ஆனால் நான் எழுதிய கட்டுரைகளே அந்த ஏட்டுச் சுரைக்காய்கள் என்பதை உணர எனக்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. உணர்த்தியவர் ஒரு பேராசிரியர் மட்டுமல்லர்; தென்னங்கீற்று முடைந்து பிழைக்கும் ஒரு மூதாட்டியுந்தான். அந்தக் கதையை என் அன்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களிடமும் மாணவ நண்பர்களிடமும் சொல்லவே இக்கட்டுரை.

என் எழுத்தின் கதை

என் தந்தையார் கல் குவாரியில் வேலை செய்பவர். தாயார் நடவுக்கும் களையெடுப்பிற்கும் செல்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேர்க்கை நாளன்று விண்ணப்பத்தில் ‘பெற்றோர் கையொப்பம்’ என்றிருந்த இடத்தைக் காட்டினார்கள். அப்பா இடக்கைக் கட்டை விரலை நீட்டினார். மேசையில் இருந்த ஊதா மைப்பெட்டியில் விரலை அழுத்தி அவர் வைத்தபோது, எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பையன் பார்த்துவிடக் கூடாதே என்று நான் குனிந்து என் உடம்பால் அந்தத் தாளை மறைத்துக்கொண்டேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்ல இயலாது.

பள்ளியில் நான் கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கியவன். ‘கிராம முன்னேற்றம்’ என்ற தலைப்பு எனக்கு மனப்பாடம். முன்னுரையில் கிராமங்கள் நாட்டின் முதுகெலும்பு என்பேன். பொருளுரையில் சாலை வசதி, மின் வசதி, மருத்துவ வசதி என்று வரிசையாக உட்தலைப்புகள் இடுவேன். முடிவுரையில் ‘கிராமம் வாழ்ந்தால் நாடு வாழும்’ என்று முழங்குவேன். நானும் ஒரு கிராமத்தில்தான் பிறந்தேன், வளர்ந்தேன். எங்கள் ஊரணி தூர்ந்து கிடப்பதோ, குடிதண்ணீருக்காக அம்மா விடியற்காலையில் குடத்தோடு நிற்பதோ அந்தக் கட்டுரையில் ஒரு வரியாகக்கூட வந்ததில்லை. வரவேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை. எழுத்து என்பது வேறு, வாழ்வு என்பது வேறு என்று நான் நம்பியிருந்தேன். முதலாண்டில் பொதுத்தமிழ்த் தாளுக்கும் உரைநூலைப் படித்து எழுதினேன். நல்ல மதிப்பெண்ணே கிடைத்தது.

ஆசிரியர் இட்ட பணி

இரண்டாமாண்டுத் தொடக்கத்தில், எங்களுக்குப் பொதுத்தமிழ் எடுத்த பேராசிரியர் அகமதிப்பீட்டிற்காக வழக்கமான கட்டுரையைக் கேட்கவில்லை. கல்லூரியிலிருந்து 7 கிலோமீட்டர் தொலைவில், நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் முகாம் நடத்தும் ஊர் ஒன்று இருக்கிறது. “கற்பனையாக மனு எழுதி எனக்குக் காட்டாதீர்கள். அங்கே போய், எழுத வேண்டிய தேவை யாருக்கு இருக்கிறதோ அவர்களுக்காக எழுதுங்கள். அதைத்தான் திருத்துவேன்” என்றார். ஐந்து ஐந்து பேராகப் பிரித்தார். நான்கு நிபந்தனைகள் விதித்தார். முதல் நாள் தாளும் பேனாவும் எடுத்துப் போகக் கூடாது; பேசி, கேட்டு, திரும்ப வேண்டும். எழுதியதை உரியவரிடம் முழுவதும் படித்துக் காட்ட வேண்டும். அவர் சரி என்று சொல்லாமல் கையொப்பம் வாங்கக் கூடாது. ‘வாங்கித் தருகிறோம்’ என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

வகுப்பில் முணுமுணுப்பு எழுந்தது. தமிழ் வகுப்பு என்றால் செய்யுளும் இலக்கணமும் படிப்பது. மனு எழுதுவதற்குக் கல்லூரி எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அவர்களுள் நானும் ஒருவன்.

அதற்கு விடையாக ஆசிரியர் இரண்டு செய்திகளைச் சொன்னார். முதலாவது பிரேசில் நாட்டைப் பற்றியது. 1963 ஆம் ஆண்டு அந்நாட்டின் வடகிழக்கில் அங்கிகோஸ் என்னும் ஊரில் பாவ்லோ பிரெய்ரே என்ற கல்வியாளர், ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்கும் திட்டம் ஒன்றை நடத்தினார். அவர் முறையில் பாடம் அரிச்சுவடியிலிருந்து தொடங்காது; செங்கல் என்பது போல அம்மக்களின் அன்றாட வாழ்வில் புழங்கும் சொற்களிலிருந்து தொடங்கும். அச்சொல்லைப் பற்றிப் பேசி, அதைப் பிரித்து, அசைகளைக் கூட்டிப் புதுச் சொற்களை அவர்களே ஆக்குவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அந்நாட்டில் அன்று வாக்குரிமையும் கிடையாது. ஆகவே அங்கே எழுத்து என்பது வெறும் எழுத்தாக இருக்கவில்லை.

இரண்டாவது, இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்தை அடுத்த மலைப்பகுதியில் உள்ள பார்பியானா என்னும் சிற்றூர். 1954 ஆம் ஆண்டு அங்கு வந்த லொரென்சோ மிலானி என்ற பாதிரியார், பள்ளியில் தோற்றுப் போன ஏழை உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி நடத்தினார். அம்மாணவர்களுள் எட்டுப் பேர் சேர்ந்து, தங்களைத் தோல்வியுறச் செய்த கல்வி முறையைக் குறித்து ஓர் ஆசிரியைக்கு எழுதுவதுபோல் எழுதிய கடிதம் 1967 ஆம் ஆண்டு நூலாக வந்தது. அதே ஆண்டு சூன் மாதம், 44 ஆம் வயதில், மிலானி மறைந்தார். அந்நூல் பல மொழிகளுக்குப் போயிற்று.

அவர்கள் எழுதிய முறைதான் எங்களுக்கு வியப்பாக இருந்தது. ஒவ்வொருவரும் தோன்றிய கருத்தைத் தனித்தனித் தாளில் குறித்துக்கொள்வார்கள். எல்லாத் தாள்களையும் பெரிய மேசையில் பரப்பி, ஒரே கருத்துள்ளவற்றை ஒன்று சேர்த்து, அடுக்கி, வரிசைப்படுத்தி, எழுதி, வேண்டாத சொற்களை வெட்டுவார்கள். பின்பு அதிகம் படிக்காத வெளியார் ஒருவரை அழைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்வார்கள். அவருக்குப் புரியாத இடத்தில் தவறு அவருடையதன்று, எழுதியவர்களுடையது! “நம் ஊரில் அந்த வெளியாருக்குப் பஞ்சமே இல்லை. போய்ப் படித்துக் காட்டுங்கள்” என்று சொல்லி முடித்தார் ஆசிரியர்.

ஆத்தாவின் மனு

எங்கள் குழுவில் எனக்கு வாய்த்தவர் 66 வயது மூதாட்டி. ஊரார் எல்லாரும் ‘ஆத்தா’ என்றே அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன். முதியோர் உதவித்தொகைக்கு மனு வேண்டும் என்றார். 2023 ஆம் ஆண்டு அத்தொகை மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைக்கிறது, தனக்கு மட்டும் கிடைக்கவில்லை என்பதும் தெரிந்திருந்தது. அவர் பேசியதை அரைகுறையாகக் கேட்டேன். என் மனம் அப்போதே முதல் வரியைத் தேடிக்கொண்டிருந்தது.

அன்றிரவு விடுதியில் உட்கார்ந்து இரண்டரைப் பக்கம் எழுதினேன். ‘காலனின் கோரப் பிடியில் கணவனைப் பறிகொடுத்து, ஆதரவற்ற அபலையாய், அல்லும் பகலும் கண்ணீர்க் கடலில் தத்தளிக்கும் அடியாள், தங்கள் மேலான சமூகத்திற்குத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்’ என்று தொடங்கிற்று அது. எழுதி முடித்ததும் எனக்கே பெருமிதமாக இருந்தது. பரிசு வாங்கிய கை அல்லவா!

மறுநாள் மாலை மனுவோடு கடையில் ஒரு மைப்பெட்டியும் வாங்கிக்கொண்டு போனேன். ஆத்தா திண்ணையில் கீற்று முடைந்துகொண்டிருந்தார். மனுவை முழுதும் படித்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை நினைவில் இருந்தும், அவசரத்தில் மேலோட்டமாக நாலு வரி படித்துவிட்டு, மைப்பெட்டியைத் திறந்து அவர் முன் நீட்டினேன்.

ஆத்தா மைப்பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது எதுக்குப்பா? பேனாவக் குடு” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் தாளை வாங்கி, தூரத்தில் பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. ‘காலனின்’ என்பதைக் கடக்கவே நேரமாயிற்று. நான் நின்றுகொண்டிருந்தேன்.

புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த நமக்கு இது தெரியாத கதையன்று. ஆனாலும் எனக்கு அந்த நேரத்தில் நினைவு வரவில்லை. 1991 ஆம் ஆண்டு நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் அதற்குப் பேரூக்கம் அளித்தார். எழுத்தோடு மிதிவண்டியும் கற்றுக் கொடுத்தார்கள். பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்ற இயக்கம் என்று இந்தியா முழுவதும் அதைப் பற்றிப் பேசினார்கள். அந்தப் பல்லாயிரத்துள் ஒருவர் என் எதிரில் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

“கைப்புள்ளய மடியில போட்டுக்கிட்டு அரிக்கேன் வெளிச்சத்துல படிச்சேம்ப்பா. சைக்கிள் பழகையில ஊரணிக் கரையில விழுந்து முட்டி பேந்துச்சு. அந்த முட்டிதான் இப்ப மடக்க முடியல” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. விரல் ஒரு சொல்லின்மேல் நின்றிருந்தது.

“அபலைன்னா என்னப்பா?”

யாரும் இல்லாதவர் என்று பொருள் சொன்னேன்.

“எனக்கு யாரும் இல்லேன்னா எழுதியிருக்க? ஏம்ப்பா, எம் மவன் செத்தா போயிட்டான்?”

அவருக்கு ஒரு மகன் இருந்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. மனைவி, இரண்டு குழந்தைகள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஏதோ அனுப்புவான். மாதாமாதம் அனுப்ப அவனால் முடியவில்லை. இதையெல்லாம் முதல் நாளே ஆத்தா சொல்லியிருந்தார். என் காதில் விழுந்தது, எழுத்தில் விழவில்லை. கண்ணீர்க் கடலில் ஒரு மகனுக்கு இடமில்லாமல் போயிற்று!

உடன் வந்த நண்பன் என்னைத் தனியே அழைத்தான். “மகன் இருக்கிறான் என்று எழுதினால் உதவித்தொகை கிடைக்காமல் போகலாம். ஆதரவற்றவர் என்றே இருக்கட்டும். பேசிச் சம்மதிக்க வை” என்றான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒரு சொல்லால் மாதம் 1,200 ரூபாய் கிடைக்குமானால் அந்தச் சொல் இருந்துவிட்டுப் போகட்டுமே! ஆத்தாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அவர் மனுவை மடித்து என் கையில் கொடுத்தார்.

“கெடைக்கலன்னா போவுது தம்பி. மவன் இல்லேன்னு எழுதுன தாள்ல எங் கையால கையெழுத்துப் போட மாட்டேன். இந்தக் கையெழுத்து நான் கஷ்டப்பட்டுப் படிச்சது.”

இருபது வயதில் எழுத்தைப் பற்றி எத்தனையோ பாடம் கேட்டிருக்கிறேன். இதைவிடப் பெரிய பாடம் கேட்டதில்லை. ஒரு தாளில் கையெழுத்திடுவது என்றால், அதிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் நான் பொறுப்பு என்று சொல்வதாகும். அந்தப் பொறுப்பை உணர்ந்து நான் ஒரு கட்டுரையேனும் எழுதியதுண்டா?

மனுவைக் கிழித்துப் போட்டேன். கேட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, புதிதாக எழுதினோம். எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். கணவர் இறந்த ஆண்டு 2011. மகன் இருக்கிறான், எங்கே இருக்கிறான், என்ன வேலை, எத்தனை பேரைக் காப்பாற்றுகிறான், ஏன் மாதந்தோறும் பணம் அனுப்ப இயலவில்லை என்பதை உள்ளபடி எழுதினோம். “முன்னால ஒரு நாளைக்கு இருவது கீத்து மொடைவேன். இப்ப எட்டுதான் முடியுது. முட்டி மடங்கல” என்றார். அந்தக் கணக்கை அப்படியே எழுதினோம். குடும்ப அட்டை எண், ஆதார் எண், வயதுக்கான சான்று ஆகியவற்றைச் சேர்த்தோம். இவை மூன்றும் என் முதல் மனுவில் இல்லவே இல்லை! இறுதியில் என்ன வேண்டும் என்பது ஒரே வரி. மொத்தம் அரைப் பக்கம். ஆத்தா எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார், எங்கும் நிற்கவில்லை. பின்பு கால் மணி நேரம் போலத் தோன்றிய பொறுமையோடு, தம் பெயரை எழுதினார். அச்சுக் கோத்தாற்போல் இருந்தது.

அம்மனு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். விசாரணைக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்து போனார். இக்கட்டுரை எழுதும் நாள் வரை முடிவு வரவில்லை. வாரம் ஒரு முறை போய்ப் பார்த்து வருகிறேன். வாக்குக் கொடுக்கக் கூடாது என்று ஆசிரியர் ஏன் சொன்னார் என்பது ஒவ்வொரு முறையும் விளங்குகிறது.

எண்ணிய பத்து நாட்கள்

என் கதை மட்டும் போதாது. எங்கள் வகுப்புத் தோழி ஒருவர் அந்த ஊருக்கு வரும் காலைப் பேருந்து பற்றி மனு எழுதினார். அவருடைய முதல் வரைவில் ‘மாணவியர் சொல்லொணா இன்னலுக்கு ஆளாகின்றனர்’ என்று இருந்தது. “சொல்லொணா இன்னல் என்றால் அதிகாரி எப்படி அம்மா அறிந்துகொள்வார்?” என்று ஆசிரியர் அதனடியில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்.

தோழி பத்து நாள் காலையில் நிறுத்தத்தில் நின்று, பேருந்து வந்த நேரத்தைக் குறித்தார். பத்தில் ஆறு நாள் 9.20க்குப் பிறகே வந்திருந்தது. கல்லூரி தொடங்குவதோ 9.30க்கு. அந்த அட்டவணையை மனுவில் வைத்தார். இன்னலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஊரார் 43 பேர் கையொப்பமிட்டார்கள். முதல் மனுவிற்குப் பதில் இல்லை. இரண்டாவது மனுவிற்குப் பிறகு பேருந்து 9 மணிக்கு முன் வரத் தொடங்கியது. மனுவினால்தான் வந்தது என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் 43 பேரும் அவ்வாறே நம்புகிறார்கள்!

தவறவிருந்த கதையும் ஒன்று உண்டு. ஒருவர், பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை வெட்டி நகர்த்திவிட்டார் என்று மனு எழுதச் சொன்னார். எங்கள் குழு நண்பன் இரக்கத்தோடு எழுதியும் விட்டான். கையொப்பம் வாங்கும் முன் அந்த வரப்பைப் போய்ப் பார்த்தோம்; அடுத்தவரையும் கேட்டோம். அவர் சொன்ன கதை நேர் எதிராக இருந்தது. யார் சொல்வது உண்மை என்று எங்களால் தீர்மானிக்க இயலவில்லை. ‘வரப்பை வெட்டிவிட்டார்’ என்பதை நீக்கி, ‘நிலத்தை அளந்து எல்லை காட்ட வேண்டும்’ என்று மட்டும் எழுதினோம். எழுத்தால் உதவலாம், ஆராயாமல் எழுதினால் அதே எழுத்தால் ஒரு குடும்பத்திற்குத் தீங்கும் செய்யலாம்.

ஆய்வுக்கூடமும் தமிழ் வகுப்பும்

நான் வேதியியல் மாணவன். உப்புப் பகுப்பாய்வு செய்யும்போது ஏட்டில் மூன்று பத்திகள் இடுகிறோம்: சோதனை, காண்பன, அறிவன. வெண்ணிற வீழ்படிவு கண்டால் ‘வெண்ணிற வீழ்படிவு’ என்று எழுதுவோமே தவிர ‘பாலின் வெண்மையைப் பழிக்கும் வீழ்படிவு’ என்று எழுதுவதில்லை. கண்டது ஒரு பத்தியில். கண்டதிலிருந்து அறிந்தது வேறொரு பத்தியில். பியூரெட்டின் அளவை மாற்றி எழுதுவது பொய் என்று நமக்குத் தெரியும். ஆனால் இந்த ஒழுக்கம் ஆய்வுக்கூடக் கதவோடு நின்றுவிட்டது. தமிழ் எழுதும்போது மட்டும் காணாததைக் கண்டதாகவும், உணராததை உணர்ந்ததாகவும் எழுத நமக்கு எப்படித் துணிவு வந்தது?

‘இருவது கீத்து, இப்ப எட்டு’ என்று ஆத்தா சொன்னது காண்பன. ‘வேலை செய்யும் வலு குறைந்துவிட்டது’ என்பது அறிவன. ‘கண்ணீர்க் கடல்’ எந்தப் பத்தியிலும் சேராது. இவ்வளவுதான் நான் கற்ற உரைநடை இலக்கணம்.

கேட்கப்படும் கேள்விகள்

இம்முறையைப் பற்றி நண்பர்களும் சில ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள் நியாயமானவை. பாடப்பகுதியை முடிக்க நேரம் போதுமா என்பது ஒன்று. எங்களுக்கு ஐந்து மாலைகள் செலவாயின. வகுப்பு நேரம் இழக்கவில்லை. ஆனால் மாலையில் கடையிலும் பட்டறையிலும் வேலை செய்து படிக்கும் நண்பர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்கு அந்த மாலை என்பது அன்றைய கூலி. அவரவர் தெருவிலேயே எழுத ஆசிரியர் இசைவு தந்ததால்தான் அவர்களால் செய்ய முடிந்தது.

இலக்கியம் என்னாவது என்பது இரண்டாவது கேள்வி. இலக்கியத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. ஊரிலிருந்து திரும்பிய பின்புதான், நல்ல எழுத்தாளர் ஒரு சொல்லை ஏன் அந்த இடத்தில் வைத்தார் என்று நிறுத்திப் பார்க்கத் தோன்றுகிறது. ஆத்தா ‘அபலை’யில் விரலை நிறுத்தியதுபோல், நானும் இப்போது பாடநூலில் விரலை நிறுத்துகிறேன்.

கைப்பேசியைக் கேட்டால் நொடியில் மனு எழுதித் தருகிறதே என்பது மூன்றாவது. உண்மைதான், நான் எழுதிய கண்ணீர்க் கடலைவிட நன்றாகவே எழுதித் தரும். ஆனால் திருப்பூரில் ஒரு மகன் இருக்கிறான் என்பதை யாரேனும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால்தானே அதனிடம் சொல்ல முடியும்? கேட்கும் வேலையை நம்மைத் தவிர வேறு யார் செய்வார்?

நாட்டு நலப்பணித் திட்டம், காந்தியடிகள் நூற்றாண்டான 1969 இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்டது. அதில் சேரும் மாணவர் இரண்டாண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் முகாமும் உண்டு. மரம் நடுகிறோம், கோயில் வளாகம் கூட்டுகிறோம், பேரணி போகிறோம். அந்த 240 மணியில் ஓர் இருபது மணியேனும் கேட்பதற்கும் எழுதுவதற்கும் ஒதுக்கி, அதைத் தமிழ்த்துறையோடு இணைத்தால் என்ன? ஊருக்குப் பயன் இருக்கிறதோ இல்லையோ, நமக்குப் பயன் உறுதி. நாம் அங்கே ஊருக்கு உபகாரம் செய்யப் போவதாக எண்ணிக்கொண்டு போனோம். உபகாரம் பெற்றுத் திரும்பினோம்.

அப்பா செய்த திருத்தம்

இக்கட்டுரையை முடித்ததும், பார்பியானா மாணவர்கள் செய்ததுபோல் படித்துக் காட்ட ஒருவரைத் தேடினேன். சென்ற ஞாயிறு ஊருக்குப் போனபோது, சாப்பாட்டிற்குப் பிறகு வாசலில் உட்கார்ந்து அப்பாவிடம் படித்துக் காட்டினேன். சேர்க்கை நாள் பகுதி வந்ததும் என் குரல் தாழ்ந்தது. முதல் வரைவில் நான் இப்படி எழுதியிருந்தேன்: ‘கையெழுத்திடத் தெரியாத என் தந்தை, படித்தவர் கூட்டத்தில் கூனிக் குறுகி நின்றார்.’

அப்பா கை காட்டி நிறுத்தினார்.

“நான் எங்கப்பா கூனிக் குறுகுனேன்? மகன் காலேசுல சேர்றான்னு நெஞ்ச நிமித்திக்கிட்டுல்ல நின்னேன். குனிஞ்சது நீதான்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டவருக்கு நேரம் சொல்வதுபோல் சொன்னார். அவர் அன்று பார்த்திருக்கிறார்! ஓராண்டுக்கு மேலாக அதை என்னிடம் சொல்லாமலே இருந்திருக்கிறார். நான் அந்த வரியை அடித்துவிட்டு, நீங்கள் மேலே படித்ததை எழுதினேன். மறுபடியும் படித்துக் காட்டினேன். “இப்ப சரி” என்றார்.

ஆத்தாவிடம் வாங்கிப் போன அந்த மைப்பெட்டி இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. இரண்டு வாரமாக, ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்பாவிற்கு அவர் பெயரின் முதல் எழுத்தைப் பழக்கி வருகிறேன். உளி பிடித்த விரல். பேனாவை அழுத்தித் தாளைக் கிழித்துவிடுகிறார். கிழியட்டும், தாள் நிறைய இருக்கிறது. அவர் கையெழுத்துப் போடக் கற்றாலும், கற்காமலே போனாலும், அவரை மறைப்பதற்காக இனி நான் குனியப் போவதில்லை.

நண்பர்களே! நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். நம் வீட்டிலும் தெருவிலும் எழுதப்படாத செய்திகள் எத்தனையோ காத்திருக்கின்றன. அடுத்த முறை பேனாவை எடுக்கும்போது, அருகில் உள்ள ஒருவரை உட்காரச் சொல்லி, முதலில் கேட்போம். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுவோம். அவர் ‘இப்ப சரி’ என்று சொன்ன பிறகு கையெழுத்திடுவோம்.